இர்ம்கார்ட் என்று ஒரு பேர்

பிள்ளைக்குப் பேர் வைப்பதில் உலகத்தில் எல்லோருக்கும் ஓட்டு உண்டு என்று பென்னிக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. பிறந்து எழுபது நாளான மகளுக்கு ‘இர்ம்கார்ட்’ என்று ஜெர்மன் பேர் வைக்கலாமா என்று, ஜெர்மன்காரர்கள் கூடி வம்பளக்கும் ஓர் இணையதளத்தில் அவன் கேள்வி போட்டான். இரண்டே நாளில் நாற்பத்தொரு பதில் வந்து குவிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சித்தூரிலிருந்து பஸ் ஏறி, திருப்பதியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டுத் திருச்சானூர் வீட்டுக்குள் நுழைந்த இர்ம்கார்ட் அத்தைக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பதில்களைத்தான் கொடுத்தார்கள். அது அவளுடைய பேர். ஐம்பத்தேழு வருஷமாக அவளே தனியாக வைத்துக்கொண்டு அல்லாடும் பேர். அதை இப்போது அவள் தம்பி மகள், பென்னியின் மனைவி கேசியா, தன் குழந்தைக்கு வைத்தே தீருவேன் என்று நிற்கிறாள்.

“இதக் கேளுங்க அத்த” என்று பென்னி போனைப் பார்த்துப் படித்தான். “‘இந்தப் பேர் இருக்கறவங்க யாரும் எண்பது வயசுக்குக் கீழ இல்ல. முதியோர் இல்லத்துல போயி கூப்ட்டா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க’ன்றான் ஒருத்தன். ஒரு அம்மா, ‘இது குழந்தைக்குச் செய்ற அநியாயம்’ன்றாங்க. இன்னொருத்தன், ‘எங்க சித்தி பேரு. அவங்க செய்ற கேக்கு மாதிரி யாரும் செய்ய முடியாது. தாராளமா வைங்க’ன்றான்.”

“கேக்குக்காரன் கட்சியில எத்தினி பேரு?”

“ஒன்பது பேரு.”

“அப்போ மிச்சம் முப்பத்திரண்டு பேருக்குப் புத்தி இருக்குது” என்று சொல்லிவிட்டு இர்ம்கார்ட் செருப்பைக் கழற்றினாள்.

கேசியாவின் முகம் விழுந்துவிட்டது. உலகமே எதிர்த்தாலும் அத்தை தன் பக்கம் நிற்பாள் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். நம்பியதில் தப்பில்லை. கேசியாவுக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டாள். அப்பா ஞானசிங் லாரி ஓட்டிக்கொண்டு மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுப் பக்கம் வருவார். கல்யாணம் செய்துகொள்ளாத இர்ம்கார்ட்தான் குழந்தையைச் சித்தூருக்கு அழைத்துப்போய், தான் வார்டனாக இருக்கும் அரசாங்கப் பெண்கள் ஹாஸ்டல் குவார்ட்டர்ஸில் வைத்து வளர்த்தாள். கல்யாணமாகி இரண்டு கர்ப்பம் தங்காமல் போனபோதும், மூன்றாவதுக்கு டாக்டர் மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றபோதும், லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். “பொண்ணா பொறந்தா உங்க பேருதான் அத்த” என்று அப்போது கேசியா சொன்னாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவர்கள் என்னென்னவோ சொல்வார்கள் என்று இர்ம்கார்ட் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பென்னியின் அம்மா ஜெபமணி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். “வார்டனம்மா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க பேர நான் கொற சொல்லல. ஆனா பிள்ளய அவசரத்துக்கு எப்டி கூப்புட்றது? பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அது ரோட்டுக்கு ஓடிப்பூடும். பிரித்திகான்னு வெச்சா இன்னா கொறஞ்சிபுடும்? இல்லன்னா பைபிள் பேரா ஹன்னான்னு வைக்கட்டும்.”

மாடி வீட்டு யாமினியும் தன் பங்குக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். “பேரு கொத்தகா உந்தி அக்கா, புதுசா இருக்குது. ஆனா ஸ்கூல்ல டீச்சருங்க கண்ணுல தண்ணி வந்துடும்.”

“நானே சொல்றேன் கேளுங்க” என்றாள் இர்ம்கார்ட். “ஸ்கூல்ல என்னை ஹோம்கார்டுன்னுதான் கூப்புடுவாங்க. ஆதார்ல ஒரு பேரு, சர்வீஸ் ரிஜிஸ்டர்ல ஒரு பேரு, ரேஷன் கார்டுல மூணாவதா யாரோ ஒரு பொம்பள. எங்க ஆபீஸ்ல இர்மாகாருன்றாங்க. பேர்லயே ‘காரு’ன்னு மரியாத சேந்து வந்துட்ச்சின்னு நெனச்சிக்கினு இருக்காங்க பாவம்.”

எல்லோரும் சிரித்தார்கள். கேசியா சிரிக்கவில்லை. “இவ்ளோ நாளா இதெல்லாம் சொல்லி நீங்கதான் சிரிப்பீங்க. ஒருநாள்கூட பேர மாத்திக்கணும்னு சொன்னதில்லயே? இப்ப மட்டும் ஏன் வேணாம்?”

“வேணாம்டி. சொன்னா கேளு.”

“அதான் ஏன்னு கேக்கறேன்.”

“வாயில நொழையல.”

முப்பத்தொரு வயதுப் பெண்ணிடம் சொல்ல அதைவிட நல்ல பொய் அவளுக்கு அகப்படவில்லை. நூற்றிருபது பெண் பிள்ளைகளின் பொய்களைத் தினமும் கண்டுபிடிக்கிற வார்டனுக்குச் சொந்தமாக ஒன்று சொல்ல வரவில்லை. கேசியா எழுந்து குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அந்தச் சபையில் பழைய மிஷன் காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. பாஸ்டர் பிள்ளையின் பேரைக் கேட்கும்போது தாயும் தகப்பனும் வாய் திறக்கக் கூடாது. பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்கும் ஞானத்தாய்தான் சொல்ல வேண்டும். அவள் வாயிலிருந்து வருவதுதான் பேர், அதுதான் சபைப் புத்தகத்தில் ஏறும். இந்தக் குழந்தைக்கு ஞானத்தாய் இர்ம்கார்ட். ஆகவே பென்னியின் நாற்பத்தொரு ஜெர்மன்காரர்களும் ஜெபமணியும் யாமினியும் என்ன சொன்னாலும், கடைசி ஓட்டு அவள் கையில் இருந்தது. அதுதான் அவளை வதைத்தது.

அந்தப் பேருக்கு அவளுக்கு முன்னால் ஒரு சொந்தக்காரி இருந்தாள். இதை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

இர்ம்கார்டின் அப்பா இஸ்ரேல், சத்தியவேடு பக்கத்தில் ஒரு கிராமத்துச் சபைக்கு உபதேசியாராக இருந்தவர். மூன்றாவது பெண்ணாக இவள் பிறந்த சமயம், ஜெர்மனியிலிருந்து ஓர் அம்மாள் மிஷனுக்குக் கடிதம் எழுதியிருந்தாள். அவளுடைய ஒரே மகள் ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாளாம். இந்தியாவில் ஒரு பெண் குழந்தைக்கு அந்த மகளின் பேரை வைத்தால், தான் அங்கிருந்தபடியே ஞானத்தாயாக இருந்து, மகளின் துணிமணிகளை அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். மிஷன் துரை வந்து கேட்டார், உபதேசியார் சரி என்றார். அந்தக் காலத்தில் துரை கேட்டு உபதேசியார் மாட்டேன் என்று சொன்ன கதை எந்த ஊரிலும் இல்லை.

வருஷா வருஷம் பிறந்தநாளுக்கு ஒரு பார்சல் வந்தது. ஒரு வயதில் அந்தப் பெண் போட்ட கவுன் இவளுடைய ஒரு வயதுக்கு வந்தது, இரண்டு வயதில் போட்டது இரண்டு வயதுக்கு வந்தது. சித்தூர் போர்டிங்கில் சேர்த்த பிறகு பார்சல் அங்கே வர ஆரம்பித்தது. ஏழாவது பார்சலைப் பிரித்தபோது, போர்டிங் மேட்ரன் யாரிடமோ சொல்வதுபோல, “இன்னும் ரெண்டு கவுன்தான் வரும். அதோட அந்தப் பாப்பா போயிட்டா” என்றாள். ஏழு வயதுக் குழந்தை அதை எப்படிப் புரிந்துகொள்ளும்? அந்த இரண்டு கவுனும் முடிந்ததும் தானும் போய்விடுவோம் என்று புரிந்துகொண்டாள். எட்டு வயதுக் கவுன் வந்தது. ஒன்பதுக்குக் கம்பளிக் கோட்டு ஒன்றும் சேர்ந்து வந்தது. சித்தூர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வேர்த்து விறுவிறுக்க நின்றபடி, தனக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவள் விரல் விட்டு எண்ணினாள்.

சாகவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்த மூன்று வருஷப் பயத்தை அவள் மறக்கவில்லை. ஒரு செத்த பிள்ளையின் பேரை எடுத்து, இரண்டு இழப்புக்குப் பிறகு பிழைத்து வந்த இந்தக் குஞ்சின் தலையில் தன் வாயாலேயே வைப்பதா? அதைச் சொல்லிவிடலாம் என்றால், குழந்தை தும்மினாலே வெளுத்துப்போகிற கேசியா அதைத் தாங்குவாளா? சொல்லாவிட்டாலோ, அத்தைக்குத் தன்மேல் பாசமில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

சனிக்கிழமை காலையில் கேசியா அவளுக்கு இட்லி வைத்தாள், சட்னி வைத்தாள், “துன்னுங்க அத்த” என்ற ஒரு வார்த்தையை மட்டும் வைக்கவில்லை. பதினொரு மணி வாக்கில், குழந்தையைக் குளிப்பாட்டி மடியில் போட்டுத் துவட்டிக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமலே பேசினாள்.

“நாளைக்கு ஹன்னான்னே சொல்லிடுங்க அத்த. நான் சண்ட போடல. உங்களுக்கு எங்களோட அவ்ளோ ஒட்டிக்க இஷ்டமில்லன்னு புரிஞ்சிப்போச்சு. நானாத்தான் அம்மா ஸ்தானம்னு உரிம எடுத்துக்கினேன்.”

ஜெயித்தாகிவிட்டது. யாரும் மனம் கோணாமல், பைபிள் பேராக, நாக்கு மடியாமல் முடிந்துவிட்டது. இதற்குத்தானே இர்ம்கார்ட் இத்தனை பாடுபட்டாள்? ஆனால் கேசியாவின் அந்தக் கடைசி வார்த்தை அவளைக் குத்திக் கிழித்தது. தன் வயிற்றில் பிறக்காத இந்த ஒருத்திக்காகத்தான் அவள் இருபத்தைந்து வருஷம் வாழ்ந்திருக்கிறாள். அதையே இல்லை என்று சொல்லவிட்டு ஒரு பயத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதா என்று அவளுக்கே தன்மேல் கோபம் வந்தது.

“இங்க பாருடி” என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. கடிதத்திலிருந்து கம்பளிக் கோட்டு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த ஜெபமணியின் மிக்ஸி நடுவில் நின்றது, திரும்ப ஓடவில்லை.

கேசியாவின் கை குழந்தையின் நெஞ்சின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிற கை அது. அதைப் பார்த்ததும், வாயை அடக்கியிருக்கலாம் என்று இர்ம்கார்டுக்குத் தோன்றியது.

“பத்தாவது பொறந்தநாளுக்கு இன்னா ஆச்சு?” என்று கேட்டாள் கேசியா.

“ஒன்னும் ஆவல. பார்சல் வரல. நைனாதான் வந்தாரு.”

“தாத்தாவா? அவ்ளோ தூரத்துலேர்ந்தா?”

“ஆமா. ரெண்டு பஸ் மாறி. மஞ்ச பாப்ளின்ல ஒரு கவுனு எடுத்துக்கினு வந்தாரு. ஊர் டெய்லருகிட்ட தெச்சது. ஒரு கை நீளம், ஒரு கை குட்ட.” இர்ம்கார்டுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. “அதுதான் எனக்குன்னு தெச்ச மொதல் துணி.”

“குடுத்துட்டுப் போயிட்டாரா?”

“இல்ல. உடனே போட்டுக்கோன்னாரு. போட்டுக்கினேன். அப்பறம் கேட்டாண்ட வேப்பமரத்தடியில உக்காந்துட்டாரு. நான் கிளாஸுக்குப் போயி ஒவ்வொரு தபா எட்டிப் பாத்தாலும் அங்கயே இருக்காரு. ஏதாச்சும் துன்னாரான்னுகூடத் தெரியல. சாயங்காலம் பெல் அடிச்சி நான் வர்ற வரைக்கும் இருந்தாரு. மறுநாள் காலைல பாத்தா, திரும்பியும் கேட்டாண்ட நிக்கறாரு. ஊருக்குப் போவலயா நைனான்னு கேட்டேன். பஸ்ஸ விட்டுட்டேன்னாரு.”

“பகல் பூரா சும்மா உக்காந்துக்கினு இருந்தவரு பஸ்ஸ எப்டி அத்த விடுவாரு?”

நாற்பத்தேழு வருஷமாக இர்ம்கார்டின் நினைவில் இருந்த ஒரு சாதாரண நாள் அது. நைனா கவுன் கொண்டுவந்தார், பஸ்ஸை விட்டுவிட்டார், அவ்வளவுதான். பெரியவர்கள் பஸ்ஸை விடுவது குழந்தைகளுக்கு ஓர் ஆச்சரியமா? அதை அவள் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

“அவரும் எண்ணிக்கினுதான் இருந்திருக்காரு” என்றாள் கேசியா மெதுவாக. “அவருக்கும் பயம் அத்த. உங்களுக்குப் பத்து முடிஞ்சி மறுநாள் விடிஞ்சதக் கண்ணால பாத்துட்டுத்தான் போயிருக்காரு.”

இர்ம்கார்ட் அழுதாள். கல்லுளிமங்கி என்று ஹாஸ்டல் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் பேர் வைத்திருக்கிற வார்டன், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். பேரை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார் என்றுதான் அவரைப் பற்றி உள்ளுக்குள் இத்தனை காலம் ஒரு கசப்பை வைத்திருந்தாள். பாவம், அவர் பட்ட பயத்தை யாரிடம் சொல்லியிருப்பார்? துரையிடமா, சபையிடமா, பெற்றவளிடமா? தானும் அவரும் ஒரே பயத்தைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் காட்டாமலே இருந்துவிட்டோமே என்று அவளுக்கு ஆற்றாமை பொங்கியது.

“அதுவரைக்கும் என்னப் பாப்பான்னுதான் கூப்புடுவாரு” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. இப்போதுதான் அவளுக்கே அது நினைவுக்கு வந்தது. “பேரச் சொல்ல மாட்டாரு. அன்னிக்குக் காலைல கேட்டாண்ட நின்னுக்கினு, மொதல் தபா, போர்டிங்கே திரும்பிப் பாக்கற மாதிரி முழுப் பேரச் சொல்லிக் கூப்ட்டாரு. அதுக்கப்பறம் சாவற வரைக்கும் அப்டித்தான். நாலு கழனி தாண்டிக் கேக்கும்.”

குழந்தை கொட்டாவி விட்டது. கேசியா அதைத் துணியில் சுற்றி அத்தையின் மடியில் வைத்தாள்.

“எனக்கும் பயமாத்தான் இருக்குது. பொய் சொல்லல. ஹன்னான்னு வெச்சாலும் பயந்தான், பிரித்திகான்னு வெச்சாலும் பயந்தான். அந்தப் பேர்ல செத்தவங்க யாருமே இல்லயா இன்னா? அந்தப் பொண்ணு ஒன்பது வருஷம் வெச்சிருந்த பேர நீங்க அம்பத்தேழு வருஷமா வெச்சிக்கினு இருக்கீங்க. எனக்கு அந்தப் பொண்ணத் தெரியாது. உங்களத்தான் தெரியும். நாளைக்கு உங்க வாயில இன்னா வருதோ அதச் சொல்லுங்க. ஹன்னான்னு வந்தாலும் சரி, நான் ஒன்னும் நெனச்சிக்க மாட்டேன்.”

அன்று முழுக்க இர்ம்கார்ட் அந்தக் குழந்தையைக் கீழே விடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயில் நிறைந்திருந்தது. பாஸ்டர் புதுசு, குடுபல்லிப் பக்கமிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சின்ன வயது, நல்ல மனுஷன். தமிழும் தெலுங்கும் அவர் வாயில் ஒன்றாகவே நடந்துவரும். பென்னி புதுச் சட்டையில் விறைப்பாக நின்றான். கேசியா அவன் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முன் பெஞ்சில் ஜெபமணி. ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையோடு இர்ம்கார்ட் போய் நின்றாள்.

“இந்தப் பிள்ளைக்கு இடும் பெயர் என்ன?” என்று கேட்டார் பாஸ்டர்.

இர்ம்கார்ட் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். கேசியாவின் மூக்கு, பென்னியின் காது. எங்கோ கடல் தாண்டி, எந்தத் தாயின் மடியிலோ இருந்த அந்த இன்னொரு பிள்ளைக்காகவும் முதல் தடவையாக அவளுக்கு மனசு கரைந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பயத்தோடேயே சொன்னாள்.

“இர்ம்கார்ட்.”

கேசியா சட்டென்று நிமிர்ந்தாள். கோயிலில் சலசலப்பு எழுந்து அடங்கியது. பாஸ்டர் உள்ளங்கையில் தண்ணீரை அள்ளிக்கொண்டு, “இர்... இர்மா...” என்று தடுமாறி நின்றார். பிறகு கொஞ்சம் குனிந்து, “இர்மான்னே சுருக்கமா சொல்லிக்கலாமாம்மா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

பள்ளிக்கூடத்தில், ஆபீசில், பேங்கில், ஆஸ்பத்திரியில், இப்படித் தடுமாறி நின்ற எத்தனையோ பேரிடம், “பரவால்ல, இர்மான்னே வெச்சிக்கோங்க” என்று அவள் விட்டுக்கொடுத்திருக்கிறாள். அடுத்தவர் நாக்குக்கு வலிக்குமே என்று பாதிப் பேரோடு பிழைத்துப் பழகிவிட்டவள் அவள்.

“வேணாம் பாஸ்டர்” என்றாள், குழந்தையைத் தோளோடு இழுத்து அணைத்துக்கொண்டு. “முழுசா சொல்லுங்க.”

பாஸ்டர் மறுபடி முயன்றார். பாதி வழியில் பேர் உடைந்தது. அவர் கையிலிருந்த தண்ணீர் விரல் வழியாக ஒழுகித் தொட்டியில் சொட்டியது. பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஜெபமணி, வழக்கம் கிழக்கம் எல்லாவற்றையும் மறந்து, முன் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டாள்.

“இர்ம். கார்ட். ரெண்டா பிரிச்சி, கடேசில அழுத்திச் சொல்லுங்க பாஸ்டர். எங்க பிள்ள பேரு அது.”

பாஸ்டர் சிரித்துவிட்டார். புதுசாகத் தண்ணீர் அள்ளினார், கண்ணை மூடித் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு கோயில் முழுக்கக் கேட்கும்படி, ஓர் எழுத்து குறையாமல் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் இர்ம்கார்ட் பிள்ளையைத் தண்ணீருக்கு நீட்டினாள்.